எட்டிலும் ஏழிலும் நீலம் இல்லை

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு இலையுதிர்காலத்தில், சூசோக் என்னும் அறுவடைத் திருநாள் கழிந்து பத்து நாள்களுக்குப் பின், பூட்டுக் கடைக்காரர் தாக் குவாங்-சு முதன்முதலாக ஹா மல்-பூன் அம்மாளைப் பார்த்தார். அப்போது அந்த அம்மாள் வாசற்கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

குவாங்-சு அழைப்புமணியை அடித்துப் பார்த்தார். மூன்று முறை குரலும் கொடுத்தார். அம்மாள் திரும்பவில்லை. வேறு வழியின்றிக் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஓரடி வைத்தார். அவருடைய நிழல் பூண்டுத் தட்டின்மேல் விழுந்த பிறகுதான் அந்த அம்மாள் சட்டென்று திரும்பினார். அந்த முகத்தில் பயம் இல்லை. யாரையோ எதிர்பார்த்துத் திரும்பி, வந்தவர் அவரில்லை என்று கண்டவுடன் அடங்கிப்போன முகமாக இருந்தது.

“யாரு நீ?” என்று கேட்ட குரல் மாடிப்படி முழுவதும் எதிரொலித்தது.

“பூட்டுக் கடை, அத்தை! கதவுக்கு நம்பர் பூட்டு போட வந்திருக்கேன்!”

“கத்தாதே. கத்தினா மட்டும் கேட்டுடுமா? கிட்ட வந்து, வாயை நல்லாத் திறந்து பேசு. உதட்டைப் பாத்தாப் புரிஞ்சுக்குவேன்.”

பூசான் துறைமுகத்தை ஒட்டிய யோங்தோ தீவில், குன்றுச் சரிவில் நிற்கும் மூன்று மாடிக் கட்டடம் அது. மொத்தம் ஆறு வீடுகள். அந்த ஆண்டு வசந்தத்தில் இரண்டு வீடுகளில் திருட்டுப் போனதால், ஆறு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி, எல்லாக் கதவுகளுக்கும் ஒரே மாதிரியான எண்பூட்டுப் போடுவதென்று முடிவு செய்திருந்தார்கள். முடிவெடுக்க வைத்தவர் மேல்மாடியில் இருந்த அம்மாள்; கூபோ என்னும் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்பதால் கட்டடமே அவரைக் கூபோக்காரி என்றுதான் அழைத்தது. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அவரும் இறங்கி வந்து, படியில் நின்றார்.

“அவங்ககிட்ட எதுவும் கேக்காதே, தம்பி. பூட்டை மாட்டிட்டுப் போ. ஆறு வருஷமா இந்தக் கதவைச் சாத்தினதே கிடையாது. திருடன் வந்தா உக்காந்து காப்பி குடிச்சிட்டுத்தான் போவான்.”

மல்-பூன் உதடுகளைப் படித்துவிட்டார்.

“என் வீட்டுல திருட என்னடீ இருக்கு? உன் வாயை வேணா திருடிட்டுப் போகட்டும். கட்டடமாவது அமைதியா இருக்கும்.”

“உனக்குத்தான் காதே கேக்காதே, உனக்கெதுக்கு அமைதி?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். குவாங்-சு துளைபோடும் கருவியை வெளியே எடுத்தார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. எண்பூட்டின் சிறப்புகளை ஒன்று விடாமல் சொல்லிக் கேட்கவைப்பதில் தனி விருப்பம் உள்ளவர். சாவி தேவையில்லை, நான்கு இலக்க எண் போதும். கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். எண்ணை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். யாராவது பின்னால் நின்று பார்த்தால், முதலில் எதை வேண்டுமானாலும் அழுத்திவிட்டுக் கடைசியில் சரியான நான்கையும் அழுத்தினால் கதவு திறந்துவிடும். இவற்றையெல்லாம் உதட்டைப் பெரிதாக அசைத்து அவர் சொல்லிக்கொண்டே போக, அம்மாள் ஓரிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தானா பூட்டிக்குமா?”

“ஆமா, அத்தை. நீங்க மறந்தாலும் அது மறக்காது.”

“அப்படின்னா எனக்கு வேண்டாம். நீ அடுத்த வீட்டுக்குப் போ.”

தானே பூட்டிக்கொள்வதைத் தடுக்கவும் உள்ளே ஒரு விசை உண்டு. குவாங்-சு அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கூபோக்காரி முந்திக்கொண்டார். ஒரு கதவு திறந்து கிடந்தாலும் ஆறு வீட்டுக்கும் ஆபத்து. முடிவு என்றால் எல்லாருக்கும் முடிவுதான் என்றார். மல்-பூன் கத்தியைத் தட்டில் வைத்தார். பிறகு, அதுவரை பேசிய குரலில் பாதிக் குரலில் கேட்டார்:

“தம்பி, நம்பரைச் சொல்லாமலே ஒருத்தன் வந்து திறக்கணும்னா?”

“சொல்லாம எப்படித் திறப்பாங்க, அத்தை? அவங்களா யூகிச்சாத்தான் உண்டு.”

“யூகிக்கிறதுன்னா... முன்னாடி தப்பா அழுத்தினாலும் கடைசி நாலும் சரியா இருந்தாப் போதும்னு இப்ப சொன்னியே?”

“ஆமா. நிறுத்தாம தொடர்ந்து அழுத்திக்கிட்டே வரணும், அவ்வளவுதான்.”

“சரி. அப்ப சுழி, எட்டு, ஒண்ணு, ஏழு. அதைப் போடு.”

எட்டாம் மாதம் பதினேழாம் நாள். அரசாங்க நாள்காட்டியில் அல்ல. நிலவைக் கொண்டு எண்ணும் பழைய கணக்கில். சூசோக் முழுநிலவுக்கு இரண்டு நாள் கழித்து வரும் அந்த நாளில் அவருடைய மகன் சாங்-பே பிறந்தான். அவனுடைய அப்பா சோம்பேறித்தனமாக நான்கு மாதம் கழித்துப் போய்ப் பதிந்ததால், ஏடுகளில் அவன் ஜனவரியில் பிறந்தவன். ஊருக்கு ஜனவரி, வீட்டுக்கு எட்டாம் மாதம் பதினேழு. பிறந்தநாளுக்கென்று கடற்பாசிச் சாறு வைத்துக் கொடுத்த நாள் அதுதான்.

“அவனுக்கு அது தெரியும். சாறு குடிச்ச நாளை எவன் மறப்பான்?” என்றார் அம்மாள்.

குவாங்-சு எண்ணைப் பதிந்தார். அந்த அம்மாளின் செவியை நினைத்து, யாரும் கேட்டுக்கொள்ளாமல், தாமாகவே மற்றொன்றும் செய்தார். ஐந்து முறை தவறான எண்ணை அழுத்தினால் பூட்டு அலறும். மூன்று நிமிடங்களுக்கு எந்த எண்ணையும் ஏற்காது. அந்த அலறலின் ஒலியளவை அவர் உச்சத்தில் வைத்தார். தனியாக இருக்கும் பெண். அவருக்குக் கேட்காவிட்டாலும் அக்கம்பக்கத்தாருக்குக் கேட்கட்டுமே என்று எண்ணினார். அதை அம்மாளிடம் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கதவு முதன்முறையாகச் சாத்தப்பட்டுத் தானே பூட்டிக்கொண்டபோது மல்-பூன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பூட்டு நகரும் அதிர்வு மட்டும் கையில் தெரிந்திருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டுப் பூண்டுக்குத் திரும்பினார்.

அவருடைய கதையைக் குவாங்-சு ஒரே நாளில் கேட்கவில்லை. பூட்டு மாட்டி ஓராண்டு கழிந்து வந்த குளிர்காலத்தில், ஜனவரி மாதக் கடற்காற்று குன்றைச் சீவிக்கொண்டு அடித்த ஒரு மாலையில், கூபோக்காரி தொலைபேசியில் கூப்பிட்டார். மல்-பூன் ஒரு மணி நேரமாகப் படியில் உட்கார்ந்திருக்கிறாராம். பூட்டு உயிரற்றுக் கிடக்கிறதாம். பேட்டரி தீரப்போகிறது என்று அந்தப் பூட்டு மூன்று வாரமாக, ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும், ஒரு பாட்டுப் பாடி எச்சரித்திருக்கும். கேட்கவேண்டியவருக்குத்தான் கேட்கவில்லை.

குவாங்-சு சட்டைப்பையிலிருந்து ஒரு சதுர பேட்டரியை எடுத்துப் பூட்டின் அடியில் இருந்த இரண்டு புள்ளிகளின்மேல் வைத்து அழுத்தினார். பொத்தான்கள் ஒளிர்ந்தன. அம்மாள் உதடு நீலம்பாரித்து நின்றபடி அதைக் கூர்ந்து பார்த்தார்.

“அப்ப பேட்டரி செத்துப்போனா, நம்பர் தெரிஞ்சவன்கூடத் திறக்க முடியாதா?”

“முடியாது, அத்தை. இந்த மாதிரி வெளியேயிருந்து உயிர் கொடுத்தாத்தான் உண்டு.”

“இதை நீ அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

அதன் பிறகு அவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, குன்றடிவாரத்திலிருந்த கடைக்கு நான்கு பேட்டரி வாங்க வரத் தொடங்கினார். ஓர் ஆண்டு தாங்கும் பொருள் அது. “இன்னும் பாதி உயிர் இருக்கு, அத்தை” என்று குவாங்-சு சொன்னால், “உன்னைவிடவா?” என்பார். வாற்கோதுமைத் தேநீரை இரு கைகளாலும் பிடித்துக் குடித்துவிட்டுப் போவார். அவர் கைகள் எப்போதும் சிறிது நடுங்கின. முப்பது ஆண்டுகள் சுத்தியல் பிடித்த கைகள் அவை.

பழுதுபார்க்கும் தளத்துக்கு வரும் கப்பல்களின் பக்கவாட்டில் பலகையில் தொங்கிக்கொண்டு, துருவையும் பழைய பெயிண்டையும் சிறு சுத்தியலால் தட்டி உதிர்ப்பதுதான் அவருடைய வேலை. அந்தத் தீவின் பெண்கள் பலர் அதைத்தான் செய்தார்கள். இரும்பின்மேல் இரும்பு விழும் ஓசை ஒவ்வொருவரின் காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கணவர் பியோன் அதே தளத்தில் பற்றவைப்பவர். மகன் சாங்-பேயும் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மார்ச் ஆறாம் நாள், பியோன் ஒரு கப்பலின் அடியறையில் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தீப்பொறி எங்காவது விழுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கும் வேலை சாங்-பேயுடையது. ஒரு சிகரெட் பிடிக்கலாம் என்று அவன் மேல்தளத்துக்கு ஏறினான். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அடியறையில் யாரோ விட்டுப்போன பெயிண்ட் கரைப்பானில் பொறி விழுந்தது.

“அவன் அப்பாவுக்கு நாப்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிஞ்ச மறுநாள் காலையில அவன் போயிட்டான். நான் அரிசி களைஞ்சிக்கிட்டிருந்தேன். கதவு திறந்த சத்தம் கேக்கல. எனக்கு எதுதான் கேட்டிருக்கு?” என்றார் மல்-பூன்.

“நீங்க ஏதாவது சொன்னீங்களா, அத்தை, அவரை?”

“ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் தப்பு. திட்டியிருந்தா இருந்திருப்பான். நான் வாயே திறக்காம அந்த நாப்பத்தொன்பது நாளும் அவனுக்குச் சோறு போட்டேன். என் மனசுல என்ன இருந்துச்சுன்னு அவனா ஒண்ணை நினைச்சுக்கிட்டான்.”

அதற்காகத்தான் ஆறு ஆண்டுகள் கதவு திறந்தே கிடந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து, தாம் மாட்டிய பூட்டை நினைக்கும்போதெல்லாம் அதை மாட்டாமலே இருந்திருக்கலாமே என்று குவாங்-சுவுக்குத் தோன்றும். ஆயினும் எண் சரியான எண்தான். மகன் வந்தால் திறப்பான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் சூசோக் செப்டம்பர் பதினான்காம் நாள் வந்தது. அன்று பிற்பகல் குவாங்-சு மனைவி மக்களோடு அரிசிக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தபோது கூபோக்காரியின் அழைப்பு வந்தது.

“தம்பி, உடனே வா! திருட்டுப்பய மல்-பூன் கதவை நோண்டியிருக்கான். பூட்டு ஊரையே கூட்டிடுச்சு. நான் மேலேயிருந்து ‘திருடன், திருடன்’னு போட்ட சத்தத்துல தலைதெறிக்க ஓடிட்டான். உள்ளே அந்த அம்மா இருக்காளா, இல்லையா, ஒண்ணும் தெரியல. தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு!”

குவாங்-சு குன்றேறி வந்தபோது கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தது. மற்றவர்கள் பண்டிகைக்குச் சொந்த ஊர் போயிருந்தார்கள். படிக்கட்டில் ஏறக் கைப்பிடியைப் பிடித்தவரின் உள்ளங்கை பிசுபிசுத்தது. பார்த்தால் நீலம்.

“ஐயோ, அதைத் தொடாதே. பண்டிகைக்குன்னு நேத்துதான் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். இந்த ஈரக் காத்துல காயவே மாட்டேங்குது” என்றார் கூபோக்காரி.

மல்-பூனின் கதவருகே சுவரோரமாக ஒரு பெட்டி இருந்தது. இளஞ்சிவப்புத் துணியில் பொதிந்து, மேலே முடிச்சிட்ட பேரிக்காய்ப் பெட்டி. பண்டிகைக்குப் பெரியவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டு போவது.

“திருடன் பேரிக்காய் கொண்டு வருவானா?” என்று கேட்டார் குவாங்-சு.

கூபோக்காரி குனிந்து, பெட்டியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

குவாங்-சு பூட்டின் மூடியைத் தூக்கினார். வெள்ளைப் பொத்தான்களில் நீலக் கைரேகைகள் பதிந்திருந்தன. சுழியின்மேல் தடித்த நீலம். மூன்றிலும் ஆறிலும் அதைவிடச் சற்றுக் குறைவு. ஒன்றிலும் ஒன்பதிலும் மெல்லிய தடம். மற்றவை துடைத்துவைத்தாற்போல வெண்மையாக இருந்தன. அவர் பேனாவின் முனையால், அந்த நீலம் கலையாதபடி, எண்ணை அழுத்தினார். கதவு திறந்தது.

காலையில் கணவரின் படத்துக்கு முன் படையல் வைத்த களைப்பில் மல்-பூன் தரையில் ஒருக்களித்துப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். கதவிலிருந்து எட்டடி தூரம்கூட இல்லை.

தோளைத் தொட்டு எழுப்பினார்கள். நடந்ததைக் குவாங்-சு சொன்னார். அம்மாள் எழுந்து, தள்ளாடி வாசலுக்கு வந்து, முதலில் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் பொத்தான்களைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை நீலத்தின்மேல் படாமல், ஒரு நூலிழை தூரத்தில் வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

“சுழி, மூணு. சுழி, ஆறு.”

மார்ச் ஆறு. தீப்பிடித்த நாள்.

“சுழி, ஒண்ணு. ஒண்ணு, ஒன்பது.”

பழைய கணக்கில் அதே நாள். முதல் மாதம் பத்தொன்பது. அப்பாவுக்குத் திதி கொடுக்க நினைவில் வைத்திருக்கவேண்டிய நாள்.

“எட்டுல ஒண்ணும் இல்ல. ஏழுல ஒண்ணும் இல்ல” என்றார். அவர் விரல் அந்த இரண்டு வெண்மையான பொத்தான்களின்மேல் மாறி மாறி நின்றது. “நான் அந்த நாளைத்தான் கதவுக்குப் போட்டு உக்காந்திருப்பேன்னு நினைச்சிருக்கான். தன் பிறந்தநாளை ஒரு தடவைகூட நினைக்கல, பாத்தியா? அஞ்சு தடவையும் அதே நாளை மாத்தி மாத்தி அழுத்தியிருக்கான்.”

வந்தவன் யார் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அந்தக் கதவில் அந்த எண்ணை அழுத்த உலகத்தில் ஒருவன்தான் உண்டு.

கூபோக்காரி படியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “நான் திருடன்னு கத்திட்டேனே, அக்கா! முகத்தைக்கூடப் பாக்காம கத்திட்டேனே!”

குவாங்-சு அம்மாளுக்கு முன்னால் வந்து, தம் உதடுகள் தெரியும்படி நின்றார்.

“அத்தை, அந்தச் சத்தம் என்னாலதான். நீங்க கேக்கல. நானா வெச்சேன். உச்சத்துல வெச்சேன். உங்ககிட்ட சொல்லக்கூட இல்ல.”

மல்-பூன் பூட்டின் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார்:

“எவ்வளவு சத்தம்? கப்பல்ல சுத்தி அடிக்கிற மாதிரியா?”

“அதைவிட அதிகம்.”

“அப்ப பயந்துதான் ஓடியிருப்பான். சின்ன வயசுல தளத்துக்குக் கூட்டிட்டுப் போனா, சுத்திச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கிட்டு அழுவான்.” பிறகு பெட்டியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டார். “கனமா இருக்கு. நல்ல காயாத்தான் பாத்து வாங்கியிருக்கான்.”

ஒன்பது பேரிக்காய்கள் இருந்தன. இரண்டு நாள் கழித்து, எட்டாம் மாதம் பதினேழாம் நாளன்று, கடற்பாசிச் சாறு வைத்து, ஒரு பேரிக்காயைத் தாமே தோல் சீவித் தின்றார். மற்றவற்றில் சரிபாதியைக் கூபோக்காரியிடம் கொடுத்தார். அவர் வாங்க மறுத்ததற்கு, “தின்னு. அடுத்த தடவை அவன் வரப்போ கத்தறதுக்குத் தொண்டை வேணும்ல?” என்றார். அந்தக் கேலிக்குக் கூபோக்காரியால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் குவாங்-சு ஒரு புதுப் பூட்டோடு வந்தார். பத்து எண்கள்வரை ஏற்கும் பூட்டு அது. அவற்றில் எதை அழுத்தினாலும் திறக்கும். அலறலை அடியோடு நிறுத்திவிடலாம். அழைப்புமணியை அடித்தால் வீட்டுக்குள்ளே விளக்கு மின்னுமாறு ஒரு கம்பியும் இழுத்துக் கொடுத்தார். அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். மகனுடைய பிறந்தநாள் மூன்று கணக்கிலும் பதியப்பட்டது: பழைய கணக்கில் 0817, புதுக் கணக்கில் 0924, ஏட்டின் கணக்கில் 0130.

“இப்ப அந்த ரெண்டையும் போட்டுடறேன், அத்தை. 0306, 0119. அவரு மறுபடி வந்தா முதல்ல அதைத்தானே அழுத்துவாரு? சட்டுனு திறந்துடும்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“நல்லா யோசிச்சுப் பாரு, தம்பி. அவன் அந்த நாளை அழுத்தறான். கதவு திறக்குது. அப்ப அவன் என்ன நினைப்பான்? ‘நான் நினைச்சது சரிதான். அம்மா இத்தனை வருஷமும் அதைத்தான் மனசுல வெச்சிருந்தா’ன்னு நினைப்பான். அப்படி ஒரு கதவு வழியா என் புள்ளை உள்ள வரவேண்டாம்.”

“ஆனா, வராமலே போயிட்டா?”

கழற்றிய பழைய பூட்டைக் குவாங்-சு பையில் போடப்போனபோது, அம்மாள் கையை நீட்டி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நீலம் பதிந்த அந்தப் பூட்டு, படையல் பாத்திரங்கள் வைக்கும் அலமாரிக்குள் போயிற்று.

சாங்-பே மறுபடி வரவில்லை. தேடிப் பார்க்கலாம் என்று குவாங்-சு இரண்டு முறை சொன்னார். “இழுத்துட்டு வந்தா நிக்க மாட்டான். அவன் காலால அவன் வரணும்” என்றுவிட்டார் அம்மாள். கூபோக்காரி அதன்பின் எந்தச் சூசோக்கிலும் பிறந்த ஊருக்குப் போகவில்லை. படியில் காலடியோசை கேட்டால், தம் கதவை ஒரு கையளவு திறந்துவைத்துக்கொண்டு, வாயைப் பொத்தியபடி எட்டிப் பார்ப்பார். பால்காரரும் தபால்காரரும் அவருக்குப் பைத்தியம் என்று பேசிக்கொண்டார்கள். குவாங்-சு புதுப் பூட்டு மாட்டும் வீடுகளில், அலறல் வேண்டுமா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்கத் தொடங்கினார்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பேட்டரி வாங்க வருவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் குன்றேறுவதற்கு அம்மாள் மேலும் மேலும் நேரம் எடுத்துக்கொண்டார். பேச்சின் நடுவே இருமல் குறுக்கிட்டது. முப்பது ஆண்டுத் துரு நெஞ்சில் படிந்துவிட்டதென்று மருத்துவர் சொன்னாராம். “கப்பலைச் சுத்தம் பண்ணினேன். எல்லாம் இங்கதான் வந்து சேந்திருக்கு” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, குளிர் முடியும் தறுவாயில், அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கூபோக்காரி நாள்தோறும் கஞ்சி கொண்டு போனார். குவாங்-சு ஒரு பிற்பகல் கடையைச் சாத்திவிட்டுப் போனபோது, அம்மாள் மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் முன்போல எதிரொலிக்கவில்லை. இப்போது குவாங்-சுதான் அம்மாளின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

“பேட்டரி மாத்தினியா?”

“நேத்து மாத்தினேன், அத்தை. புதுசு.”

“பழசைத் தூக்கிப் போட்டுடாதே. பாதி உயிர் இருக்கும்.”

இருவரும் புன்னகை செய்தார்கள். பிறகு அம்மாள் சொன்னார்:

“வீட்டை அவன் பேருக்கு எழுதிட்டேன். கூபோக்காரி பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கா. அவளுக்கு நம்பர் சொல்லியாச்சு. நீ ஒண்ணு பண்ணணும்.”

“சொல்லுங்க.”

“அந்த நம்பரையும் போட்டுடு. மார்ச் ஆறு. பழைய கணக்கையும் சேத்துப் போடு.”

குவாங்-சு திகைத்துப்போய் அம்மாளின் முகத்தைப் பார்த்தார். நான்கு ஆண்டுகளாக அந்த அம்மாள் தம் கதவுக்குள் விடாத எண் அது. நிச்சயமாகத்தானா என்று உதட்டை அசைத்துக் கேட்டார்.

“நான் உள்ளே இருந்தவரைக்கும் அது வேண்டாம்னு பிடிவாதமா இருந்தேன். அவன் திறந்தா நேருக்கு நேர் நின்னு, ‘அது இல்லடா நம்பர்’னு சொல்லிடலாம்னு இருந்தேன். இனிமே சொல்ல ஆள் இருக்காது. தப்பா அழுத்திட்டு, மறுபடி வெளியிலயே நின்னு திரும்பிப் போகக் கூடாது. எதை அழுத்தினாலும் முதல்ல உள்ளே வரட்டும்.”

“ஆனா நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, அத்தை... அவரு தப்பா நினைச்சுக்குவாருன்னு.”

“நினைப்பான். அதுக்குத்தான் இன்னொண்ணு.” அவர் மூச்சு வாங்கினார். “அலமாரியில அந்தப் பழைய பூட்டு இருக்கு. நீலம் இருக்கறது. அதை எடுத்து, கதவைத் திறந்ததும் கண்ணுல படற மாதிரி மேஜைமேல வை. பக்கத்துல ஒரு காகிதத்துல சரியான நம்பரை எழுதி வை. எட்டாம் மாசம் பதினேழுன்னு எழுது. இந்தக் கதவு முதல் நாள்லேருந்து இந்த நம்பர்தான்னு எழுது.”

குவாங்-சு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கையில் அகப்பட்ட மருந்துச் சீட்டின் பின்புறத்தில் அதை எழுதி, சரிதானா என்று அம்மாளின் முகத்துக்கு நேரே பிடித்தார். அம்மாள் கண்ணைச் சுருக்கி, தலையைச் சற்றே பின்னால் இழுத்துப் பார்த்தார்.

“இன்னும் பெரிசா எழுது, தம்பி. அவனுக்கும் நாப்பது வயசாயிடுச்சு. பொடி எழுத்துத் தெரியாது.”